எருமைப்பால் மொசரெல்லாவும் புதுச்சேரியும்

எருமைப்பால் மொசரெல்லா தென்னித்தாலியின் கம்பானியா வட்டாரத்தில் உருவான, முதிரவைக்காத புதிய பாலாடைக்கட்டி. நீரெருமையின் பாலை உறையவைத்து, அந்த உறைவை வெந்நீரில் இழுத்து உருட்டி இதைச் செய்கின்றனர். உலகெங்கும் இது இத்தாலிய உணவாகவே அறியப்படுகிறது. இதற்குப் பால் தரும் விலங்கோ இந்தியத் துணைக்கண்டத்தில் முதலில் பழக்கப்பட்டது. எருமை மேற்கே சென்றதும், அதன் பாலில் பிறந்த பாலாடைக்கட்டி பல நூற்றாண்டுகளுக்குப் பின் இந்தியச் சந்தைக்கு வந்ததும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள். புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் எருமை குறைந்துவரும் காலத்திலேயே எருமைப்பால் மொசரெல்லாவுக்கான தேவை இந்திய நகரங்களில் வளர்ந்துவருகிறது.

பெயர்

'மொசரெல்லா' என்னும் சொல் 'வெட்டியெடுத்தல்' எனப் பொருள்படும் 'மொசாரே' என்ற இத்தாலிய வினையிலிருந்து வந்தது. இழுபடும் சூடான உறைவைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நெரித்து உருண்டையாகக் கிள்ளியெடுக்கும் செயலை அது குறிக்கிறது. போப்பாண்டவரின் சமையல்காரராக இருந்த பார்த்தொலோமியோ ஸ்காப்பி 1570இல் வெளியிட்ட சமையல் நூலில் இந்தப் பெயர் இடம்பெற்றுள்ளது. அதற்கு முன்பே கப்புவா நகர மடத்துத் துறவிகள் வழிபட வந்தோருக்கு ரொட்டியுடன் 'மொசா' என்ற பாலாடைக்கட்டியை வழங்கியதாக மரபுச் செய்தி உண்டு.

இத்தாலியில் பசும்பாலில் செய்வதற்குப் 'பாலின் மலர்' எனப் பொருள்படும் 'ஃபியோர் தி லாத்தே' என்ற தனிப்பெயர் உள்ளது. 'பூஃபலா' என்றால் எருமை. வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டிய வேறுபாடு இதுவே.

எருமையின் தாயகமும் பயணமும்

நீரெருமைகளில் இரு வகைகள் உள்ளன. தென்கிழக்கு ஆசியாவிலும் சீனாவிலும் உழவுக்குப் பயன்படுவது சதுப்பெருமை. அதற்கு 48 குரோமோசோம்கள். இந்தியாவில் பாலுக்காக வளர்க்கப்படுவது ஆற்றெருமை. அதற்கு 50 குரோமோசோம்கள். இத்தாலிய எருமை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆற்றெருமை ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன்போ அதற்குச் சற்று முந்தியோ துணைக்கண்டத்தின் வடமேற்கில் பழக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சிந்துவெளி முத்திரைகளில் எருமை உருவங்கள் உள்ளன. மெசப்பொத்தேமியாவின் அக்காடியர் கால முத்திரைகளிலும் வளைந்த கொம்புடைய எருமை காணப்படுகிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள இப்னி-சர்ரும் முத்திரை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. சிந்துவெளிக்கும் மெசப்பொத்தேமியாவுக்கும் இருந்த தொடர்பின் சான்றாக இது கொள்ளப்படுகிறது.

அக்காடியர் காலத்துக்குப் பின் மேற்காசியக் கலையில் எருமை உருவம் நெடுங்காலம் மறைந்துவிடுகிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் அரபு ஆட்சியாளர்கள் சிந்துப் பகுதியிலிருந்து 'சுத்' எனப்பட்ட மக்களை எருமைகளுடன் ஈராக்கின் சதுப்பு நிலங்களில் குடியமர்த்தினர். அதே நூற்றாண்டில் புனிதப் பயணம் சென்ற வில்லிபால்டு என்ற துறவி யோர்தான் பள்ளத்தாக்கில் எருமைகளைக் கண்டதாகப் பதிவு உள்ளது.

அங்கிருந்து இத்தாலிக்கு எருமை எவ்வாறு சென்றது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. லொம்பார்டியர் காலத்தில், 6ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலிக்குக் கொண்டுவரப்பட்ட 'புபாலி' என்ற விலங்குகளை வரலாற்றாசிரியர் பால் தியாக்கோன் குறிப்பிடுகிறார். அவை எருமைகள்தாமா என்பது விவாதத்துக்குரியது. அரபியர் சிசிலிக்குக் கொண்டுவந்தனர், பின்னர் நார்மானியர் அவற்றைத் தென்னித்தாலியில் பரப்பினர் என்பது மற்றொரு கருத்து. இடைக்காலத்தில் அவை அங்கு நிலைபெற்றிருந்தன என்பதில் ஐயமில்லை.

அரிக்கமேடு

புதுச்சேரிக்கும் கம்பானியாவுக்கும் இடையிலான தொடர்பு எருமை இத்தாலியை அடைவதற்கு முந்தியது. புதுச்சேரி நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947-48இல் ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவும் அகழாய்வு செய்தனர். அங்கு மத்தியதரைக் கடல் பகுதியின் மதுச்சாடித் துண்டுகளும் அரெத்தின் மட்கலங்களும் கிடைத்தன. இந்தியத் துறைகளில் கிடைத்த உரோமானியச் சாடிகளில் கம்பானியாவில் செய்யப்பட்டவையும் உண்டு. அவற்றின் மண்ணில் கலந்துள்ள கரிய எரிமலை மணல் வெசூவியஸ் மலைப்பகுதிக்கு உரியது.

இந்தக் கடல்வழியில் மிளகு, மணிகள், துணிகள் மேற்கே சென்றன. மதுவும் எண்ணெயும் மீன்குழம்பும் கிழக்கே வந்தன. எருமையோ தரைவழியாக, பல தலைமுறைகள் மேய்ப்பருடன் நடந்தே மேற்கை அடைந்தது. மொசரெல்லாவுக்கு உரோமானியப் பழமை கற்பிப்பது பொருந்தாது. உரோமானியர் பாலாடைக்கட்டி உண்டனர். அது ஆட்டுப்பாலிலும் பசும்பாலிலும் செய்யப்பட்டது.

தமிழ் நிலத்தில் எருமை

தமிழ்த் திணை மரபு எருமையை மருத நிலத்தின் விலங்காக வைக்கிறது. நம்பியகப்பொருள் மருதத்துக்குரிய விலங்குகளாக எருமையையும் நீர்நாயையும் குறிப்பிடுகிறது. வியர்வைச் சுரப்பிகள் குறைவாக உள்ள எருமை வெயிலைத் தாங்க நீரிலும் சேற்றிலும் கிடக்க வேண்டும். வயலும் ஏரியும் வாய்க்காலும் உள்ள இடமே அதற்கு ஏற்றது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரும் அதன் பெரிய ஏரியும், ஊசுட்டேரியை அடுத்த வில்லியனூர்ப் பகுதியும் இத்தகைய மருத நிலங்கள். இரு கொம்யூன்களிலும் பிள்ளையார்குப்பம் என்ற பெயருடைய ஊர்கள் உள்ளன. நெல்லும் கரும்பும் விளையும் இவ்வூர்களில் வைக்கோலும் வரப்புப் புல்லும் மாட்டுத் தீவனமாகின்றன.

நீலகிரியில் தோதர் மக்களின் வாழ்க்கை முழுவதும் எருமையைச் சுற்றி அமைந்தது. அவர்களின் பால்மனைகளே கோவில்கள். பால் கறப்பதும் கடைவதும் சடங்குகள். டபிள்யு. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகப் பதிவு செய்தது. ஈரோடு மாவட்ட மலைப்பகுதியின் பர்கூர் எருமையும் தனி இனமாக அறியப்பட்டுள்ளது.

ஆயினும் தமிழ்நாட்டில் பாலாடைக்கட்டி மரபு வளரவில்லை. வெப்பமான நாட்டில் பாலைக் கெடாமல் வைக்கும் வழியாகத் தயிரும் மோரும் வெண்ணெயும் நெய்யும் இருந்தன. உறைமோர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. பாலாடைக்கட்டிக்கு வேண்டிய ரென்னெட் என்னும் உறைபொருள் மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது; அதை இங்குள்ள பால் பண்பாடு ஏற்கவில்லை. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த புதுச்சேரியிலும் நாட்டுப்புற ஊர்களின் பால் பழக்கம் தயிர், மோர், நெய் என்றே தொடர்ந்தது.

இந்தியாவின் உறவுமுறைப் பாலாடைக்கட்டிகள்

மொசரெல்லாவுக்கு நெருங்கிய இரு பாலாடைக்கட்டிகள் இந்தியாவிலேயே உள்ளன. முதலாவது குஜராத்தின் சூரத்தி பனீர். எருமைப்பாலில் ரென்னெட் சேர்த்து உறையவைத்து, சிறு கூடைகளில் வடித்து, மோர்த்தெளிவிலேயே மிதக்கவிட்டு விற்கப்படும் மென்மையான உப்புப் பனீர் இது. கூடையில் வடிப்பதால் பார்சிகள் இதைத் 'தோப்லி நு பனீர்' என்பர். இரண்டாவது ஜம்முவின் உதம்பூர்ப் பகுதியைச் சேர்ந்த கலாடி. பாலைப் புளிக்கவைத்துத் திரித்து, உறைவைச் சூட்டில் இழுத்து வட்டமாகத் தட்டிச் செய்வது. உதம்பூர் கலாடிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூரத்தி பனீரில் எருமைப்பாலும் நீரில் மிதக்கும் வடிவும் உண்டு, இழுத்தல் இல்லை. கலாடியில் இழுத்தல் உண்டு, ஈரப்பதம் குறைவு. இரண்டும் சேர்ந்த வடிவம் கம்பானியாவில்தான் உருவாயிற்று.

சதுப்பு நிலத்தின் செல்வம்

தென்னித்தாலியின் செலே, வோல்தூர்னோ ஆற்றுச் சமவெளிகள் நெடுங்காலம் மலேரியா பரவிய சதுப்பு நிலங்களாக இருந்தன. பசு வாழ முடியாத அந்த நிலத்தில் எருமை செழித்தது. 1787இல் பேஸ்தும் கோவில்களைக் காணச் சென்ற ஜெர்மானியக் கவிஞர் கோதே வழியில் எருமைகளைக் கண்டு தம் பயணநூலில் எழுதினார். அதே நூற்றாண்டில் நாப்பொலியின் பூர்பொன் அரசர்கள் கசேர்த்தாவுக்கு அருகே கார்தித்தெல்லோ அரண்மனைப் பண்ணையில் எருமை வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்யவைத்தனர்.

இருப்பூர்திகள் வருமுன் மொசரெல்லா வெளியூர் செல்லவில்லை. அதிகாலையில் செய்தது அன்றே அருகிலுள்ள நகரங்களில் விற்றுத் தீர்ந்தது. தொலைவுக்கு அனுப்ப, புகையூட்டி உலர்த்திய வகைகளே பயன்பட்டன. 20ஆம் நூற்றாண்டில், குறிப்பாக 1930களில், சதுப்புகள் வடிக்கப்பட்டபோது எருமையின் நிலம் சுருங்கியது. குளிர்பதனமும் நெடுஞ்சாலையும் வந்தபின் மொசரெல்லாவின் சந்தை பெருகி, எருமை வளர்ப்பும் மீண்டது. நிலம் மாறியபோது எருமை அழியாமல் காத்தது அதன் பாலுக்குக் கிடைத்த தனி விலையே.

அந்த விலையைச் சட்டமும் காத்தது. உற்பத்தியாளர் கூட்டமைப்பு 1981இல் அமைந்தது. 1993இல் இத்தாலிய அரசும் 1996இல் ஐரோப்பிய ஒன்றியமும் 'மொசரெல்லா தி பூஃபலா கம்பானா' என்ற பெயருக்குப் பிறப்பிடப் பாதுகாப்பு அளித்தன. கசேர்த்தா, சலேர்னோ மாவட்டங்களிலும், நாப்பொலி, பெனவெந்தோ, தென் லாசியோ, ஃபோஜியா, வெனாஃப்ரோ பகுதிகளின் வரையறுத்த இடங்களிலும் செய்யப்படுவது மட்டுமே இப்பெயரைத் தாங்கலாம். பால் முழுவதும் இத்தாலிய மத்தியதரை எருமையினுடையதாக இருக்க வேண்டும். கறந்த 60 மணி நேரத்துக்குள் அது பயன்பாட்டுக்கு வர வேண்டும். 'மொசரெல்லா' என்ற தனிச்சொல்லுக்கு இப்பாதுகாப்பு இல்லை. 2006ஆம் ஆண்டின் சர்வதேச உணவுத் தரநிலை பசும்பால், எருமைப்பால், இரண்டின் கலவை ஆகிய எதிலும் மொசரெல்லா செய்ய இடமளிக்கிறது.

செய்முறையும் அறிவியலும்

பசும்பாலில் கொழுப்பு பொதுவாக 4 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். எருமைப்பாலில் 7 விழுக்காடு அளவில் இருக்கும். கேசின் என்னும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் எருமைப்பாலில் மிகுதி. எனவே உறைவு கெட்டியாகவும் விளைச்சல் கூடுதலாகவும் அமையும். ஒரு கிலோ மொசரெல்லாவுக்கு எருமைப்பால் சுமார் 4 முதல் 4.5 லிட்டர் போதும்; பசும்பால் இதைவிட மிகுதியாக வேண்டும். எருமை தன் தீவனத்திலுள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பாலில் மஞ்சள் நிறம் இல்லை. எருமைப்பால் மொசரெல்லா பீங்கான்போல் வெளுத்திருப்பதற்கு இதுவே காரணம்.

செய்முறையில் முந்தைய நாளின் மோர்த்தெளிவு உறைமோர்போலப் பாலில் சேர்க்கப்படுகிறது. பின் ஏறத்தாழ 36 டிகிரி செல்சியஸ் சூட்டில் ரென்னெட் கலக்கின்றனர். பால் உறைந்ததும் அதை வால்நட் கொட்டை அளவில் வெட்டி, தெளிவுக்குள்ளேயே சில மணி நேரம் புளிக்கவிடுகின்றனர். புளிப்பு ஏற ஏற, கேசின் வலையைக் கட்டியிருக்கும் சுண்ணாம்புச் சத்து கரைந்து வெளியேறும். பி.எச். அளவு 5க்கு அருகில் வரும்போது உறைவு இழுபடும் பக்குவம் அடைகிறது. சிறு துண்டை வெந்நீரில் இட்டு இழுத்துப் பார்த்துப் பக்குவம் அறிவர். பின்னர் 90 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரை ஊற்றி, மரக்கோலால் இழுத்து மடித்து, பளபளப்பு வந்ததும் கிள்ளியெடுத்துக் குளிர்ந்த உப்புநீரில் இடுகின்றனர்.

வீட்டுப் பனீர் இவ்வாறு இழுபடாது. அதில் கொதிக்கும் பாலில் எலுமிச்சையோ மோரோ ஊற்றித் திரிக்கும்போது மோர்ப் புரதங்கள் கேசினுடன் ஒட்டிக்கொள்கின்றன. உறைவு உதிரும், உருகாது. நீண்ட நாள் வைப்பதற்காக உயர்வெப்பத்தில் பதப்படுத்திய அட்டைப்பெட்டிப் பாலிலும் இதே குறை உண்டு. மொசரெல்லா செய்யப் பண்ணையிலிருந்து நேரே வரும், மிதமாகச் சூடாக்கிய பாலே தேவை. இந்தியாவில் பெரும்பாலும் நுண்ணுயிர்களிலிருந்து பெறும் ரென்னெட் பயன்படுவதால் இங்குச் செய்யும் மொசரெல்லாக்கள் சைவ அடையாளமான பச்சைப் புள்ளியுடன் வருகின்றன. இத்தாலியிலிருந்து வருபவற்றில் கன்று ரென்னெட் இருக்கக்கூடும்.

இந்தியாவுக்குத் திரும்பிய பாலாடைக்கட்டி

எருமைப்பால் நவீனப் பால்தொழிலுக்கு ஏற்றதல்ல என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. குஜராத்தின் ஆனந்தில் எச். எம். தலாயா எருமைப்பாலைப் பொடியாக்கும் முறையை நிறுவினார். அதற்கான ஆலை 1955 அக்டோபர் 31இல் ஜவகர்லால் நேருவால் திறக்கப்பட்டது. அமுல் பின்னர் எருமைப்பாலைக் கொண்டு பாலாடைக்கட்டியும் செய்தது.

மொசரெல்லா என்ற பெயர் பரவலாக அறியப்பட்டது 1996இல் டோமினோஸ், பீட்சா ஹட் ஆகிய நிறுவனங்கள் இந்தியாவில் கடை திறந்தபின். பீட்சாவில் இடுவது ஈரம் குறைத்த கட்டி மொசரெல்லா. நீரில் மிதக்கும் புதிய உருண்டையிலிருந்து அது வேறுபட்டது. புதிய வகையைச் சிறு பட்டறைகளே முதலில் செய்தன. பெங்களூருவில் வல்லொம்புரோசா பெனடிக்டின் துறவிகள் இத்தாலிய முறையில் மொசரெல்லாவும் புர்ராத்தாவும் செய்து விற்றனர்.

புதுச்சேரியை ஒட்டி 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், 1980களின் பிற்பகுதியில் 'லா ஃபெர்ம்' என்ற பாலாடைக்கட்டிப் பட்டறை உருவானது. பிரெஞ்சில் அதற்குப் 'பண்ணை' என்று பொருள். மொசரெல்லா, ரிக்கோத்தா, ஃபெத்தா முதலிய வகைகளை அது செய்கிறது. புதுச்சேரியின் உணவகங்களிலும் வீடுகளிலும் உள்ளூர்ப் பாலாடைக்கட்டி புழக்கத்துக்கு வந்ததில் ஆரோவில்லுக்குப் பெரும்பங்கு உண்டு.

குறையும் எருமை

உலக எருமைகளில் பாதிக்கு மேல் இந்தியாவில் உள்ளன. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 10.98 கோடி எருமைகள் இருந்தன. தமிழ்நாட்டில் நிலை வேறு. 2007இல் சுமார் 20 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2012இல் 7.8 லட்சமாகவும் 2019இல் 5.2 லட்சமாகவும் குறைந்தது.

காரணங்கள் பல. கலப்பினப் பசு நாளொன்றுக்குக் கூடுதல் பால் தரும். ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையிலான காலம் குறைவு. எருமை தாமதமாகப் பருவமடையும். கோடையில் சினை அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரியாது. கடாக் கன்றுகள் கவனிப்பின்றி இறக்கும். குளங்கள் தூர்ந்து, மேய்ச்சல் நிலம் மனைகளான இடத்தில் எருமையை நீரில் விட வழியில்லை. பாகூர், வில்லியனூர் ஊர்கள் புதுச்சேரி நகரின் விரிவுக்கும் கடலூர், விழுப்புரம் சாலைகளின் வளர்ச்சிக்கும் உட்பட்டவை.

இவ்வூர்களின் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் 'பாண்லே' எனப்படும் புதுச்சேரி பால் ஒன்றியத்தைச் சென்றடைகிறது. இப்பெயரில் உள்ள 'லே' பிரெஞ்சில் பாலைக் குறிக்கும். கூட்டுறவு முறையில் கொழுப்பும் மற்றத் திடச்சத்தும் அளந்து விலை தரப்படுவதால் எருமைப்பாலுக்கு லிட்டருக்குக் கூடுதல் விலை உண்டு. ஆனால் ஒரு மாடு தரும் மொத்த அளவில் கலப்பினப் பசு முந்துகிறது. பசும்பாலுடன் கலந்துபோகும் எருமைப்பாலுக்குத் தனி அடையாளமும் கிடைப்பதில்லை. கம்பானியாவில் எருமையை நிலைநிறுத்திய தனி விலை இங்கு உருவாகவில்லை.

வாங்குதலும் உண்ணுதலும்

இந்தியப் பெருநகரங்களில் இறக்குமதி மொசரெல்லா விமானம் வழியாக, நீரில் மிதக்கும் 125 கிராம் உருண்டைகளாகக் கிடைக்கிறது, உறையவைத்ததும் உண்டு. கம்பானியப் பொருளில் கூட்டமைப்பின் முத்திரையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சிவப்பு-மஞ்சள் வட்டச் சின்னமும் இருக்கும். இந்தியத் தயாரிப்பில் பொருட்கூறுப் பட்டியலில் 'எருமைப்பால்' என்று உள்ளதா எனப் பார்க்க வேண்டும். 'பால்' என்று மட்டும் இருந்தால் பசும்பாலாக இருக்கக்கூடும். செய்த நாள் அண்மையில் இருக்கும் உள்ளூர் உருண்டை, நெடும்பயணம் செய்து வந்த இறக்குமதியைவிடச் சுவையாக அமைவதுண்டு.

நல்ல உருண்டையின் மேற்பரப்பு மெல்லிய தோலுடன் வழவழப்பாக இருக்கும். வெட்டினால் பால்போன்ற நீர் கசியும். உள்ளே அடுக்கடுக்கான இழை தெரியும். மிகப் புளித்த மணமும் மாவாகும் தன்மையும் பழையதன் அடையாளங்கள். அதனுடன் வந்த நீரிலேயே வைத்து, திறந்தபின் ஓரிரு நாளில் உண்ண வேண்டும். உண்பதற்கு அரைமணி நேரம் முன் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவைத்தால் சுவை வெளிப்படும். பீட்சாவில் இடுவதாக இருந்தால் துண்டாக்கி நீரை வடித்தபின் இட வேண்டும்.

காப்ரி தீவின் பெயர் கொண்ட காப்ரேசே என்ற எளிய உணவில் மொசரெல்லாவுடன் தக்காளி, பேசில் இலை, ஒலிவ எண்ணெய் சேரும். பேசில் தமிழகத்தில் திருநீற்றுப்பச்சிலை என்று வழங்கும் செடியே. அதன் விதைதான் சப்ஜா. அதுவும் வெப்பமண்டல ஆசியாவுக்குரிய செடி. தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. இத்தாலியின் தேசியக் கொடி நிறங்களுடன் ஒப்பிடப்படும் அத்தட்டில் வெள்ளைக்கும் பச்சைக்கும் உரிய மூலம் ஆசியாவில் உள்ளது.

மதிப்பீடு

மொசரெல்லா இத்தாலியரின் கைத்திறனில் உருவானது. எருமை இந்தியாவிலிருந்து சென்றது என்பதால் அந்தத் திறனுக்கு இந்தியா உரிமை கோர இயலாது. கம்பானியாவின் வரலாறு வேறொரு செய்தியைத் தருகிறது. அங்கு எருமைப்பாலைப் பசும்பாலிலிருந்து பிரித்து வைத்தனர்; பெயரிட்டனர்; அப்பெயரைச் சட்டத்தால் காத்தனர். சதுப்பு நிலம் மறைந்த பின்னும் எருமை பிழைத்தது. தமிழ் மருத நிலத்தில் எருமை உண்டு, பாலாடைக்கட்டி அறிந்த பட்டறைகள் அருகிலேயே உண்டு, வாங்குவோரும் உண்டு. பாலைத் தனியாகச் சேகரித்துத் தனி விலை தரும் ஏற்பாடே இல்லாதது. அது அமையாவிடில், பிள்ளையார்குப்பம் போன்ற ஊர்களில் எருமை எஞ்சாத ஒரு காலத்தில், எருமைப்பால் மொசரெல்லா புதுச்சேரியில் இறக்குமதிப் பொருளாக மட்டுமே கிடைக்கும் நிலை ஏற்படலாம்.